பென்சில் சோதனையிலிருந்து பிளெண்டர் கோப்பு வரை

அசைவூட்டம் திருத்தத்தால் வளர்ந்த கலை. 1930களில் டிஸ்னி ஸ்டுடியோவில் பென்சில் கோட்டோவியங்களை மட்டும் படம்பிடித்து ஓட்டிப் பார்ப்பர். வண்ணம் தீட்டுமுன்பே அசைவின் பிழை தெரிந்துவிடும். டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், 1956இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து ராம் மோகன் முதலானோருக்குப் பயிற்சியளித்தார். ஆனால் அத்தகைய திருத்தம் ஸ்டுடியோவுக்குள் இருந்தவர்களுக்கே கிடைத்தது.

கணினி, கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தது; ஆசிரியரைக் கொண்டுவரவில்லை. அந்நிலையை மாற்றியவற்றுள் ஒன்று பிளெண்டர் மென்பொருள். அதை விற்றுவந்த நிறுவனம் மூடப்பட்டபின், டோன் ரூசெண்டால் விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பயனர்கள் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டினர். 2002 அக்டோபர் 13 அன்று அதன் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. விலையின்மையைவிட முக்கியமானது, கற்பவரும் உதவுபவரும் ஒரே கோப்பைத் திறந்து பார்க்க முடிந்ததே. ‘நடை இயல்பாக இல்லை’ என்பது வெறும் அபிப்பிராயம். ‘24ஆம் சட்டகத்தில் ஊன்றிய பாதம் வழுக்குகிறது, கால் தூக்கும்வரை அதன் இடம் மாறக் கூடாது’ என்பதே உதவி.

‘சோட்டா பீம்’ தொடரை உருவாக்கிய ஐதராபாத்தில் ஸ்டுடியோ ஊழியருக்கு மேற்பார்வையாளர் உண்டு. கொண்டாப்பூரின் வாடகை அறையில் இரவில் தனியே பழகுபவருக்கோ, முகமறியாத ஒருவர் ஊதியமின்றி ஒதுக்கும் ஒரு மணி நேரமே பள்ளி. ஸ்டுடியோக்களையும் படங்களையும் மட்டும் கொண்டு அசைவூட்ட வரலாற்றை எழுதினால் இந்தக் கற்பித்தல் விடுபட்டுப்போகும். திருத்தக் குறிப்புகள் ஏறிய அக்கோப்புகளும் வரலாற்று ஆவணங்களே.