டர்பன் தாவரவியல் பூங்கா: சங்கத்தார் வளர்த்த மரங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள தாவரவியல் பூங்கா 1849-இல் தொடங்கப்பட்டது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்றுவரை நிலைத்திருக்கும் தாவரவியல் பூங்காக்களில் இதுவே மிகப் பழமையானது. இதைத் தொடங்கியது அரசு அன்று. நாட்டால் குடியேற்றத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் சிலர் கூடி அமைத்த வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கமே சந்தா திரட்டி இதை நடத்தியது. முதலில் உம்கேனி ஆற்றங்கரையில் இருந்த தோட்டம், 1851-இல் பெரியா மேட்டுச் சரிவில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது.

அது அழகுக்காக மட்டும் போடப்பட்ட தோட்டம் அன்று. அந்த மண்ணில் எந்தப் பயிர் காசு தரும் என்று பார்ப்பதே முதல் நோக்கம். கரும்பு, காப்பி, தேயிலை எனப் பலவும் அங்கே நட்டுப் பார்க்கப்பட்டன. கடைசியில் நாட்டாலில் நிலைபெற்றது கரும்புதான். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றைப் பெரும்பாலும் இந்தக் கப்பலிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்குப் பதினோராண்டு முன்பே அந்தக் கப்பலை வரவழைத்த பொருளாதாரத்துக்கான சோதனைகள் இத்தகைய தோட்டத்தில் ஆரம்பித்துவிட்டன. ஆகவே அன்றைய சங்கத்தாரின் உழைப்பைத் தன்னலமற்ற தொண்டு என்று மட்டும் எழுதிவிட முடியாது.

ஆனாலும் அவர்கள் நட்ட மரங்கள் அந்த நோக்கத்தையும் கடந்து நின்றன. அதற்கு முக்கியக் காரணமானவர் ஜான் மெட்லி வுட் (1827–1915). இவர் கல்லூரியில் தாவரவியல் படித்தவர் அல்லர். வணிகமும் விவசாயமும் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பெரணிகளையும் காளான்களையும் சேகரித்து, தானே கற்றவர். 1882-இல் சங்கம் இவரைப் பூங்காவின் காப்பாளராக அமர்த்தியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இன்று நம் பணி ஓய்வு வயதை நெருங்கும் பருவம் அது. அதன் பிறகுதான் அவர் உலர்தாவரக் காட்சியகத்தை உருவாக்கினார். 'நாட்டால் தாவரங்கள்' என்னும் ஆறு தொகுதி நூலை வெளியிட்டார். ஊபா என்ற கரும்பு வகை பரவியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1895-இல் ஓங்கோயே காட்டின் ஓரச் சரிவில் வுட் ஒரு சைக்காட் வகைத் தாவரத்தைக் கண்டார். ஒரே புதராக நான்கு தண்டுகளுடன் அது நின்றது. பின்னர் அவர் பெயராலேயே என்செபலார்ட்டாஸ் வுடியை என்று அழைக்கப்பட்டது. சைக்காட் இனங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனையில் ஆண் பனை, பெண் பனை இருப்பதைப் போல என்று கொள்ளலாம். வுட் கண்டது ஆண். பெண் மரம் அன்றும் கிடைக்கவில்லை, இன்றுவரையும் கிடைக்கவில்லை.

விதைக்கு வழியில்லாததால், வாழைக்குச் செய்வது போல அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுவதே ஒரே வழி. வுட்டின் உதவியாளர் ஜேம்ஸ் வைலி 1903-இல் கன்றுகளையும், 1907-இல் பெரிய தண்டுகள் இரண்டையும் டர்பன் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். காட்டில் எஞ்சிய கடைசித் தண்டு 1916-இல் பிரிட்டோரியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1964-இல் பட்டுப்போனது. இன்று உலகின் பல பூங்காக்களில் உள்ள வுடியை மரங்கள் எல்லாம் அந்த ஒரு புதரின் கன்றுவழி வந்தவையே. நெருங்கிய இனமான நாட்டாலென்சிஸின் பெண் மரத்தோடு கலந்து விதை எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது கலப்பினமே. 2022 முதல் ஓங்கோயே காட்டின் மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் பெண் மரத்தைத் தேடும் முயற்சி ஒன்றும் நடந்துவருகிறது.

சங்கத்தின் கதை இவ்வளவு செழிப்பாக முடியவில்லை. சந்தாவையும் சிறு அரசு மானியத்தையும் நம்பி ஒரு பெரிய தோட்டத்தை அறுபது ஆண்டுக்கு மேல் நடத்துவது எளிதல்ல. 1913-இல் பூங்கா டர்பன் நகராட்சியிடம் போயிற்று. அதே சரிவில் பூங்காவை ஒட்டியுள்ள கரீஸ் ஃபவுண்டன், முதலில் நகருக்குக் குடிநீர் தந்த ஊற்று. பின்னாளில் இந்தியரும் கறுப்பினத்தவரும் கால்பந்து ஆடிய மைதானமாகவும், நிறவெறி ஆட்சிக்கு எதிரான கூட்டங்களின் களமாகவும் ஆயிற்று. பூங்கா வரலாற்றைப் படிப்பவர் இந்த மைதானத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

1993-இல் டர்பன் தாவரவியல் பூங்கா அறக்கட்டளை அமைந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் பொதுமக்கள் அமைப்பு ஒன்று மீண்டும் பூங்காவுக்குத் தோள் கொடுக்க வந்தது எனலாம். ஆனால் இம்முறை பொறுப்பு பிரிந்திருந்தது. சம்பளம், நீர், அன்றாடப் பராமரிப்பு ஆகியவை நகராட்சியிடமே இருந்தன. நிதி திரட்டுவது, பூங்காவின் கல்விப் பணிக்கும் வளர்ச்சிக்கும் கைகொடுப்பது ஆகியவை அறக்கட்டளையின் வேலை. பழைய சங்கம் எல்லாவற்றையும் தன் தலையில் சுமந்து தளர்ந்தது. அதோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாடே புத்திசாலித்தனமானது.

பூங்காவின் தேநீர்க்கடைக்கும் ஒரு தனி வரலாறு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணிபுரியும் தொண்டு அமைப்பு ஒன்றின் தன்னார்வலர்கள் நெடுங்காலம் அதை நடத்திவந்தார்கள். அங்கே விற்ற ஸ்கோன் ரொட்டிக்காகவே பூங்காவுக்கு வந்தவர்கள் உண்டு. வருமானம் மாற்றுத்திறனாளிகளுக்குப் போயிற்று.