வரலாற்றுக் கல்வியில் மாணவர் தெரிவும் கோசாம்பியின் புனே ஆய்வுகளும்

முன்னுரை

வரலாற்றுப் பாடத்தில் கற்றல் செயல்பாட்டை மாணவரே தெரிவு செய்யலாம் என்னும் கருத்து கல்வியுலகில் வலுப்பெற்றுள்ளது. பாடநூலுக்கு அப்பாற்பட்ட கற்றலை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வலியுறுத்தியது. ஆயின், அத்தெரிவை நெறிப்படுத்துவது எது என்பது சிந்திக்கத்தக்கது. புனேயில் வாழ்ந்த டி.டி. கோசாம்பியின் (1907–1966) ஆய்வுமுறை இதற்கு விடை தருகிறது.

வழிகள் பல

கோசாம்பி வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். பழைய முத்திரைக் காசுகளை ஆயிரக்கணக்கில் எடையிட்டார். கைமாறுந்தோறும் காசு தேய்ந்து எடை குறையும். அக்குறைவைப் புள்ளியியல் வழி ஆராய்ந்து காசுகளின் கால வரிசையைக் காண முயன்றார். சுவடிகளை ஒப்புநோக்கிப் பர்த்ருஹரியின் பாடல்களை 1948இல் பதிப்பித்தார். புனேயைச் சுற்றியுள்ள மேடுகளில் நடந்து நுண்கற்கருவிகளைத் திரட்டினார். உழவர் வழிபடும் தாய்த்தெய்வ இடங்களைப் பழைய வழித்தடங்களோடு பொருத்திப் பார்த்தார். 1962இல் வெளிவந்த 'மித் அண்ட் ரியாலிட்டி' நூலில் இக்கள ஆய்வுகள் இடம்பெற்றுள்ளன.

அளத்தல், ஒப்புநோக்கல், நடந்து காணல் ஆகிய மூன்றும் வேறுவேறு திறன்களை வேண்டுவன. எனினும், முடிவைச் சான்றால் நிறுவ வேண்டும் என்னும் கட்டுப்பாடு மூன்றுக்கும் பொதுவாகும்.

வகுப்பறைப் பயன்பாடு

தமிழகத்துப் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'இவ்வழியே சென்றவர் யாவர்?' என்னும் வினாவை ஆசிரியர் முன்வைப்பின், ஒரு மாணவர் கற்களின் இருப்பிடங்களை வரைபடத்தில் குறிக்கலாம். மற்றொருவர் கல்லிலுள்ள எழுத்தைப் படியெடுக்கலாம். வேறொருவர் முதியோரிடம் வாய்மொழி வழக்காறுகளைக் கேட்டுப் பதிவு செய்யலாம். மூன்றையும் அருகருகே வைக்கும்போது ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டும். மனப்பாடத்தில் பின்தங்கிய மாணவரும் தம் ஊரறிவால் வகுப்பிற்குச் சான்று வழங்குவார்.

வினாவின்றி வழங்கப்படும் தெரிவு, எளியதை நாடவே தூண்டும். படங்களை ஒட்டிய ஏடு மதிப்பெண் பெறுமேயன்றி வரலாற்றறிவைத் தாராது.

முடிவுரை

செயல்பாட்டைத் தெரிவு செய்யும் உரிமை மாணவருக்குரியது; சான்றுக்கு விடையிறுக்கும் கடமை அனைவருக்கும் பொதுவானது. இவ்விரண்டும் இணையும்போதே வரலாற்று வகுப்பு ஆய்வுக்களமாகும் என்பதைக் கோசாம்பியின் புனே ஆய்வுகள் உணர்த்துகின்றன.