நெற்றி, தோள், இடுப்பு: வேட்டைக்காரர் முதுகில் ஒரு வரலாறு

போன செமஸ்டர் லீவில் நாங்கள் ஐந்து பேர் சிவனொளிபாத மலை ஏறப் போனோம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரேயொரு பெரிய பை. எங்களில் ஒருவரின் மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுப்போனது. தண்ணீர், பிஸ்கட், போர்வை, குளிர்ச்சட்டை என்று எல்லாவற்றையும் அதற்குள் திணித்தோம். எப்படியும் 15 கிலோ வந்திருக்கும். பையின் அடியில் தடித்த பட்டி ஒன்று இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. நடக்கும்போது இடைஞ்சல் என்று அதைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டோம். மாறி மாறிச் சுமந்தும் பாதி வழியில் எல்லாருக்கும் தோள் கன்றிப்போனது, ஒருவருக்குக் கையே விறைத்துவிட்டது. மேலே தேநீர்க் கடைகளுக்குச் சாமான் ஏற்றுகிற ஓர் அண்ணன் எங்களைக் கடக்கும்போது நின்று பார்த்தார்.

“அந்தப் பட்டிய ஏன் பின்னால கட்டி வச்சிருக்கீங்க? அது இடுப்புல கட்டுறதுப்பா.”

அவருடைய தலையில் ஒரு மூட்டை இருந்தது.

கட்டினோம். பாரம் குறையவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது. தோள் சும்மா கிடந்தது.

இந்தப் பட்டி எப்ப வந்தது, யார் கொண்டுவந்தது என்று பிறகு தேடத் தொடங்கினோம். மலையேறிகளிடம் போய் முடியும் என்றுதான் நினைச்சிருந்தோம். தேடத் தேட, திரும்பத் திரும்ப வேட்டைக்காரரிடமே போய் நின்றோம். யோசித்துப் பார்த்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. மலையேறியின் பை நாளுக்கு நாள் இலேசாகும். சாப்பாடு முடியும், தண்ணீர் முடியும். வேட்டைக்காரரின் பை நேர்மாறு. போகும்போது கிட்டத்தட்ட வெறுமை. எல்லாம் நல்லபடி நடந்தால்தான் சிக்கலே ஆரம்பிக்கும், ஏனென்றால் கிடைத்ததை முதுகில் போட்டுத் திரும்பி வர வேண்டும்.

எவ்வளவு பாரம் என்று ஓர் உதாரணம். அலாஸ்காவில் ‘மூஸ்’ என்கிற பெரிய மானை வேட்டையாடுகிறார்கள். 1600 இறாத்தல் எடையுள்ள ஒரு மூஸில் ஏறத்தாழ 500 இறாத்தல் இறைச்சி கிடைக்கும் என்பது அந்த மாநில வனவிலங்குத் திணைக்களத்தின் கணக்கு. அதாவது 225 கிலோ. ஒரு நடைக்கு 40 கிலோ தூக்கினாலும் ஆறு நடை. றோட்டோ படகோ நிற்கிற இடத்துக்கும் மிருகம் விழுந்த இடத்துக்கும் இடையில் ஐந்து கிலோமீற்றர் என்றால் போக, வர என்று 60 கிலோமீற்றர் நடக்க வேண்டும், அதில் பாதி சுமையோடு. இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வரவும் ஏலாது. உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்குவது அங்கே சட்டப்படி குற்றம். கொம்பை முதலில் தூக்கிக்கொண்டு வந்து படம் எடுப்பதற்கும் வழியில்லை: கடைசி நடை இறைச்சியோடு, அல்லது அதற்குப் பிறகுதான் கொம்பு வரலாம். (வேட்டை சரியா பிழையா என்ற வாதத்துக்கு இங்கே நாங்கள் போகவில்லை. எங்களில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற இரண்டு பேர் இந்தப் பந்தியை வாசித்து முகம் சுழித்ததை மட்டும் பதிவு செய்துவிடுகிறோம்.)

ஆகவே வேட்டைப் பையைத் தெரிவு செய்கிறவர், போகிற பயணத்தை வைத்துத் தெரிவு செய்ய ஏலாது. திரும்பி வருகிற பயணத்தை வைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். இந்தப் பையின் வரலாறு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

எவ்வளவு பழைய விஷயம் என்றால், 1991இல் இத்தாலி, ஆஸ்திரிய எல்லைப் பனிமலையில் ‘ஏட்ஸி’ என்று இன்று அழைக்கப்படுகிற மனிதரின் உடல் கிடைத்தது. 5000 வருடங்களுக்கும் முந்திய உடல். அவரோடு வில், அம்புக்கூடு, செம்புக் கோடரி எல்லாம் இருந்தன. அவர் கடைசியாகச் சாப்பிட்டதில் மலையாட்டு இறைச்சியும் மான் இறைச்சியும் இருந்தன. பக்கத்தில் ‘ப’ வடிவில் வளைத்த நீளமான தடி ஒன்றும் குறுக்குப் பலகைத் துண்டுகளும் கிடந்தன. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை முதுகுச் சட்டகம் என்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். முதுகுச் சட்டகம் என்பது சரியென்றால், துணியும் தோலும் அல்ல, வளையாத சட்டகம்தான் முக்கியம் என்பது அந்தக் காலத்திலேயே ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டகம் இல்லாத இடங்களில் நெற்றி இருந்தது. வட அமெரிக்காவின் பூர்வீகக் குடிகள் அகன்ற தோல்பட்டியை நெற்றிக்கு மேலே போட்டு, அதன் இரு நுனியிலும் சுமையைக் கட்டி முதுகில் தொங்கவிட்டார்கள். மென்மயிர்த் தோல் வியாபாரத்துக்காகப் படகு ஓட்டிய பிரெஞ்சுக் கனேடியத் தொழிலாளர்கள் அதை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். ஒரு பொதி 90 இறாத்தல். ஒரு தடவைக்கு இரண்டு பொதி, அதாவது 80 கிலோவுக்கும் மேல். ஆறுகளுக்கு இடையில் படகு ஓடாத இடங்களில் இப்படித்தான் சுமந்தார்கள். ‘கிராண்ட் போர்ட்டேஜ்’ என்ற பாதை மட்டும் எட்டரை மைல். ஐரோப்பாவின் பணக்காரத் தலைகளுக்குப் போன பீவர் மென்மயிர்த் தொப்பிகள் பலவும் இந்த நெற்றிகளைத் தாண்டித்தான் போயின.

நெற்றிப்பட்டியைப் ‘பழங்கால முறை’ என்று ஒதுக்கிவிட எங்களுக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 2005இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் நேபாளச் சுமைகாவிகள் பற்றி ஓர் ஆய்வு வந்தது. டோகோ என்ற கூடையை நாம்லோ என்ற நெற்றிப்பட்டியில் மாட்டிச் சுமக்கிறவர்கள் அவர்கள். நாம்சே சந்தைக்குப் போன ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 வீதத்தையும், பெண்கள் 66 வீதத்தையும் சுமந்தார்கள். அதிலும் முதுகுப்பை சுமக்கிறவர்களைவிடக் குறைந்த சக்தியைத்தான் செலவழித்தார்கள். அதற்கு முன்னர், 1986இல், கென்யாவின் லுவோ, கிகுயு பெண்களைப் பற்றி ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. உடல் எடையில் 20 வீதம் வரையான சுமையை அவர்கள் மேலதிகச் சக்தி செலவில்லாமலே தூக்குவதாக அது சொன்னது. லுவோ பெண்கள் தலையுச்சியில் வைக்கிறவர்கள். கிகுயு பெண்கள் நெற்றியில் பட்டி போடுகிறவர்கள். பலருடைய மண்டையோட்டில் அந்தப் பட்டி நிரந்தரமாக ஒரு பள்ளத்தை உண்டாக்கியிருந்தது என்ற குறிப்பும் அதில் உண்டு.

இதை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோழி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

இருபதாம் நூற்றாண்டில்தான் காப்புரிமைக்காரர்கள் வருகிறார்கள். 1908இல் நோர்வேயில் ஒலே பெர்கன் என்பவர் வேட்டைக்குப் போகிறார். பாரமான பை முதுகில் குத்துகிறது. ஒரு மரக்கிளையைத் தன் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையோடு பொருத்துகிறார் என்பது கதை. 1909இல் அதற்குக் காப்புரிமை. மரம் பிறகு இரும்புக் குழாய் ஆனது. பிரித்தானிய இராணுவத்தில் இன்றுவரை பெரிய முதுகுப்பைக்குப் பெயர் ‘பெர்கன்’தான். ஆனால் அந்தப் பை முதுகின் கீழே தாழ்ந்து தொங்குவது. பனிச்சறுக்கும்போது உடல் தளம்பாமலிருக்க அது நல்லது. ஒரு முழு மான்தொடையைக் கட்டித் தூக்குவதற்கு அவ்வளவு பொருத்தமில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் லொய்ட் நெல்சனின் கதை. 1920 அளவில் அவர் அலாஸ்காவுக்குப் போனபோது, அங்கே ஒரு பூர்வீகக் குடிமகனிடம் முதுகுப் பலகை ஒன்றை இரவலாக வாங்கினார். வில்லோத் தடிகளில் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டியது. ஊர் திரும்பிய நெல்சன் அதே யோசனையை மரச்சட்டகமும் கன்வஸ் துணியுமாக மாற்றினார். 1924இல் காப்புரிமை கிடைத்தது. ‘ட்ராப்பர் நெல்சன்’ என்ற பெயரில் அது பல பத்தாண்டுகள் விற்றது. வனக்காவலர்கள், வேட்டைக்காரர்கள், சாரணர்கள் எல்லாரும் வாங்கினார்கள்.

அதன் கெட்டித்தனம் இரண்டு இடத்தில். ஒன்று, கன்வஸை நாடாவால் விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பதால் முதுகில் படுவது துணி மட்டும்தான், மரமும் படாது, சுமையும் குத்தாது. இரண்டு, பையைத் தனியாகக் கழற்றலாம். கழற்றினால் மிஞ்சுவது வெறும் பலகை. அதில் இறைச்சியைக் கயிற்றால் நேரே கட்டலாம். சட்டகம் வேறு, பை வேறு என்ற இந்த எளிய விஷயம்தான் இன்றைய வேட்டைப் பை எல்லாவற்றுக்கும் அடிப்படை. காப்புரிமைப் பத்திரத்தில் நெல்சனின் பெயர் இருக்கிறது. பலகையை இரவல் கொடுத்தவரின் பெயர் நாங்கள் வாசித்த எதிலும் இல்லை.

ட்ராப்பர் நெல்சனிலும் பாரம் தோளில்தான். தோள்பட்டி அழுத்துகிற இடத்தில் கைக்குப் போகிற நரம்புகள் ஓடுகின்றன. அதிக நேரம் நசிந்தால் கை விறைக்கும், மோசமானால் தூக்கவே ஏலாமல் போகும். ‘ரக்ஸாக் பால்சி’ என்று மருத்துவத்தில் அதற்குப் பெயரே உண்டு. மலையில் எங்கள் நண்பனுக்கு வந்தது அதன் தொடக்கமாக்கும் என்று இப்போது பகிடி பண்ணுகிறோம்.

தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிய பெருமையைக் கலிபோர்னியாவின் டிக் கெல்ட்டிக்குக் கொடுக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் நண்பரோடு மலையில் நடந்தபோது, மரச்சட்டகத்தின் கீழ் நுனிகளைக் காற்சட்டையின் பின்பொக்கெற்றுக்குள் செருகிப் பார்த்திருக்கிறார்கள். உடனே தோள் இலேசாகிவிட்டது. பாரம் இடுப்பெலும்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அவர் அலுமினியக் குழாயில் சட்டகம் செய்தார், மனைவி நீனா வீட்டிலிருந்து பை தைத்தார். 1952இல், முதல் வருடம், விற்றது 29 பைகள், ஒன்று 24 டொலர். 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவின் முதுகில் இருந்ததும் கெல்ட்டிப் பைகள்தான்.

அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. 1967இல் கிரெக் லோ சட்டகத்தைப் பைக்கு உள்ளேயே ஒளித்துவைத்தார். பை உடம்போடு ஒட்டியது, பாறை ஏறுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. கடைகளில் வெளிச்சட்டகப் பைகள் மெல்ல மெல்ல மறைந்தன. வேட்டைக்காரர்கள் மட்டும் விடவில்லை. பலர் இராணுவம் கழித்துவிட்ட பைகளைச் சட்டகத்தோடு வாங்கிப் பாவித்தார்கள். பிறகு இவர்களுக்கென்றே கொம்பனிகள் செய்யத் தொடங்கின. 2000இல் மொன்டானாவில் டேனா க்ளீசன் தொடங்கிய ‘மிஸ்டரி ரான்ச்’ அவற்றில் ஒன்று. இந்தப் பைகளில் பட்டிகளைத் தளர்த்தினால் பை சட்டகத்திலிருந்து விலகி நடுவில் ஒரு தட்டு உண்டாகும். இறைச்சி அங்கே போகும். முதுகோடு ஒட்டி நிற்கும், பைக்குள் இருக்கிற உடுப்பிலும் இரத்தம் படாது. நெல்சனின் பலகைதான், புதிய துணியில்.

இன்றைக்கு ஒருவர் இப்படிப்பட்ட பை வாங்கப் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் இந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை லீற்றர் கொள்ளும் என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். ஆளின் உயரத்தையும் பார்க்கத் தேவையில்லை, முதுகின் நீளம்தான் வேண்டும்: தலையைக் குனிந்தால் கழுத்தடியில் முட்டி நிற்கிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை. அந்த அளவு பிழைத்தால் எவ்வளவு விலையான இடுப்புப்பட்டியும் வயிற்றிலோ தொடையிலோதான் உட்காரும். கடையில் பஞ்சு அடைத்துத் தொங்குகிற பை எல்லாருக்கும் சுகமாகத்தான் இருக்கும், 30 கிலோ மணல்மூட்டையைக் கட்டி நடந்து பார்த்தால்தான் சட்டகம் வளைகிறதா, பட்டி வழுக்குகிறதா என்று தெரியும். பாரமானது முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்பின் உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு சாண் பின்னால் தள்ளிப்போனாலும் ஆளைப் பின்பக்கம் இழுக்கும்.

இதையெல்லாம் எழுதி முடித்தபோதுதான் மஸ்கெலியாத் தோழி வாய் திறந்தாள். “போகும்போது காலி, வரும்போது பாரம். எங்க அம்மாயிட கூடையும் அப்படித்தானே.”

உண்மைதான். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில். கை இரண்டும் கொழுந்துக்கு வேண்டும், கூடையின் வாய் தோளுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். ஆகவே கயிறு தலைக்குப் போனது. காலையில் வெறுங்கூடை, நிறுவைக்குப் போகும்போது பாரம், அதுவும் சரிவில், மழையில். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார் என்று பாடப்புத்தகத்தில் படித்து, சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறோம். அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. அதைப் பற்றி எழுத நாங்கள் நேபாளத்தையும் கென்யாவையும் சுற்றி வர வேண்டியிருந்தது என்பது எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மலைக்கு ஏறுவதற்கு முதல்நாள் இரவு நாங்கள் தங்கியது அதே அம்மாயியின் லயத்தில்தான். அப்போது நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் திரும்பப் போனோம், அந்தப் பையையும் கொண்டு. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். முடியை விலக்கி, உச்சந்தலைக்குச் சற்று முன்னால் எங்கள் விரலை வைக்கச் சொன்னார். கயிறு கிடந்த இடம் விரலுக்குத் தெரிந்தது. பையைக் காட்டி, இந்தப் பட்டிதான் இப்ப பெரிய கண்டுபிடிப்பு அம்மாயி என்று சொன்னோம். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டியின் இரண்டு நுனியையும் ‘டிக்’ என்று பூட்டினார். பிறகு அதைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டு எழும்பி நின்றார். பை அவருடைய முதுகில் தலைகீழாகத் தொங்கியது. பக்கப் பொக்கெற்றிலிருந்த தண்ணீர்ப் போத்தல் விழுந்து வாசல்படியில் உருண்டது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “கயிறு மாதிரி அறுக்கல.”