பிட்டி தியாகராயர்: முதல்வர் பதவி வேண்டாம் என்ற ஜவுளித் தொழிலதிபர், பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுத்த கதை தெரியுமா?

மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15-ம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதற்கு 102 ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்க சென்னை மாநகராட்சி முடிவு செய்தது. அப்போது அதன் தலைவர் சர் பிட்டி தியாகராயர். மதுரையில் இருந்து போய் தி.நகரில் ஜவுளி எடுக்கிறவங்க பலருக்கும், அந்த 'தி' இவர்தான் என்பது தெரியாது.

யார் இவர்?

1852 ஏப்ரல் 27-ல் தேவாங்கர் நெசவாளர் சமூகத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். லங்காஷயர் மில் துணி இந்தியச் சந்தையில் குவிந்து கைத்தறியை நசுக்கிய காலம் அது. அப்போதும் சுமார் 100 தறிகளோடு நெசவுத் தொழில் நடத்தினார்.

அரசியலில் என்ன செய்தார்?

1882-ல் மாநகராட்சி உறுப்பினரானார். சுமார் 40 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். முதலில் காங்கிரஸில் இருந்தவர், 1916-ல் டி.எம்.நாயர், நடேச முதலியாரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை உருவாக்கினார். அதுவே நீதிக்கட்சி. 1920 தேர்தலில் கட்சி ஜெயித்ததும், ஆட்சி அமைக்க ஆளுநர் வெலிங்டன் இவரைத்தான் அழைத்தார். இவரோ மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார்.

டிபன் திட்டம் எப்படி வந்தது?

ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். பசியால் பள்ளிக்கு வருவோர் எண்ணிக்கை குறைந்தது. இதைச் சுட்டிக்காட்டி, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்ய 1920 செப்டம்பர் 16-ல் ஒப்புதல் பெறப்பட்டது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கும் திட்டம் போனது. 1922-23-ல் 811 ஆக இருந்த அந்த நான்கு பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை, 1924-25-ல் 1,671 ஆனது.

ஏன் நின்றது?

தொடக்கக் கல்வி நிதியில் இருந்து இதற்குச் செலவு செய்ய பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. 1925 ஏப்ரல் 1-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அதே மாதம் 28-ம் தேதி தியாகராயர் காலமானார். சாப்பாடு நின்றதும் பள்ளிகளில் கூட்டம் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்து, 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்காக மறுபடியும் தொடங்கினார்கள்.

இப்போது என்ன நிலை?

மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. சாப்பாடு போட்டால் பிள்ளைகள் வருவார்கள், நிதியை நிறுத்தினால் போய்விடுவார்கள் என்பதை தியாகராயர் காலத்துக் கணக்கே காட்டிவிட்டது.