எழுதும் வேகம் ஏன் தடுமாறியது?



தோட்டத்தில் பால் நிறுக்கும் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். மரம் வெட்டியவர்கள் வாளிகளுடன் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் கொண்டுவந்த பாலின் நிறையை மூன்று கிராணிகள் மூன்று புத்தகங்களில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நனைந்து கெட்டாலும் மற்றவை இருக்கும். இருவர் எழுதி முடித்ததும் வாளிக்காரர் நகரலாம்.

அமேசான் நிறுவனம் உருவாக்கிய டைனமோ என்னும் சேமிப்பகம் ஏறத்தாழ இப்படித்தான் இயங்கியது. வாடிக்கையாளர் கூடையில் ஒரு பொருளைப் போட்டால், அந்தச் செய்தி வழக்கமாக மூன்று கணினிகளில் எழுதப்படும். அதன் வரலாற்றை ஒன்பது பேர் சேர்ந்து 2007-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவர் சுவாமிநாதன் சிவசுப்பிரமணியன். பெயர் நம் காதுக்குப் பழக்கமானதுதான்!

2006 டிசம்பரில் அவர்கள் அளந்து பார்த்தார்கள். ஆயிரத்தில் மிகத் தாமதமான ஒரு வேலைக்கு ஏறத்தாழ 200 மில்லி நொடி பிடித்தது. சராசரியைப் போல் இது சுமார் பத்து மடங்கு. சராசரி நன்றாக இருந்தால் போதாதா என்பீர்கள். வகுப்பின் சராசரிப் புள்ளி எழுபது என்றால் பின்வரிசைப் பையன் தேறிவிட்டான் என்றா பொருள்?

தொடக்கத்தில் ஒரு காரணம் தென்பட்டது. விட்டுப்போன படிகளைச் சரிசெய்யும் பின்னணி வேலை, வாடிக்கையாளரின் வேலையோடு போட்டியிட்டது. வரிசை நிற்கும் நேரத்தில் கிராணி பழைய கணக்கைப் பிரதி எடுப்பது போல! அதனால் கடந்த 60 நொடிகளின் தாமதத்தைப் பார்த்து, ஓய்வு இருந்தால் மட்டும் பின்னணி வேலையை அனுமதித்தார்கள்.

மற்றொன்று வட்டு. ஒவ்வோர் எழுத்தும் வட்டைத் தொட்டாக வேண்டும். அதனால் படிப்பதைவிட எழுதுவது மெதுவாகவே நடந்தது. மிகுந்த வேகம் கேட்ட சில சேவைகளுக்கு மட்டும், எழுதுவதை முதலில் நினைவகத்தில் வைத்துப் பிறகு வட்டுக்கு மாற்றினார்கள். ஆயிரம் பொருள்களுக்கு இடம் ஒதுக்கியதிலேயே நெரிசல் நேரத்தின் மிக மோசமான தாமதம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது.

ஆனால் கணினி திடீரென நின்றால்? நினைவகத்தில் இருந்தது போய்விடும். என் தந்தையார் வெட்டிய பால் ஒருநாள் புத்தகத்தில் ஏறவில்லை; எழுதிக்கொள்கிறேன் என்று கிராணி வாயால் சொன்னதோடு சரி. அன்றைய கூலி வரவே இல்லை. ஆகவே இந்த இடத்தில் எனக்கு அச்சம் வந்தது.

அவர்களும் இதை எண்ணியிருந்தார்கள். மூன்று கணினிகளில் ஒன்று மட்டும் உடனே வட்டில் எழுத வேண்டும் என்று வைத்தார்கள். எல்லோருடைய பதிலுக்கும் காத்திராமல், குறித்த எண்ணிக்கையில் பதில் வந்தாலே போதும் என்பதால், வட்டில் எழுதும் அந்த ஒன்று பிந்தினாலும் வரிசை நிற்கவில்லை.