விதவைகளுக்காகப் போட்ட கணக்கு

18-ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்தில் ஒரு கிராமப் போதகர் இறந்துபோனால், அவர் மனைவிக்குத் துக்கம் கொண்டாடக்கூட அவகாசம் கிடைக்காது. குடியிருந்த வீடு திருச்சபைக்குச் சொந்தம். அடுத்த போதகர் வருவதற்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். சட்டப்படி அவளுக்குச் சேரவேண்டியது அரை வருடச் சம்பளம். அது தீர்ந்த பிறகு என்ன செய்வாள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

சபையாருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. எருசலேமின் ஆதிச் சபையிலேயே, விதவைகளுக்கு அன்றாட உணவு ஒழுங்காய்ப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக ஏழு பேரை நியமித்த வரலாறு அவர்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்திலும் காணிக்கை எடுத்தார்கள், உதவினார்கள். ஆனால் விளைச்சல் பொய்த்த வருடத்தில் காணிக்கையும் சுருங்கியது. அன்புக்கு நிலையான ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது. அதை முதலில் செய்து பார்த்தது லண்டன்.

அஷெட்டன் என்ற ஆங்கிலேயப் போதகரின் யோசனைப்படி, 1699-இல் அங்குள்ள மெர்சர்ஸ் வணிகர் சங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கணவன் 100 பவுண்ட் கட்டினால், அவன் காலத்துக்குப் பின் மனைவிக்கு ஆண்டுக்கு 30 பவுண்ட். கேட்கவே இனித்தது. எத்தனை விதவைகள் வருவார்கள், எத்தனை காலம் வாழ்வார்கள் என்பதைத்தான் யாரும் சரியாகக் கணக்கிடவில்லை. வருடங்கள் போகப் போக விதவைகள் பெருகினார்கள். 30 பவுண்ட் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. நல்லெண்ணத்தில் தொடங்கிய நிதி கரையத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் எடின்பரோவில் இரண்டு போதகர்கள் பேனாவைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் அலெக்சாண்டர் வெப்ஸ்டர், இன்னொருவர் ராபர்ட் வாலஸ். நாட்டிலுள்ள சபை வட்டங்களுக்கெல்லாம் வெப்ஸ்டர் கடிதம் எழுதினார். எத்தனை போதகர்கள் இறந்தார்கள், எத்தனை பேர் மனைவியை விட்டுச் சென்றார்கள், எத்தனை பிள்ளைகள் அநாதையானார்கள்? பதில்கள் வந்து குவிந்தன. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது ஒரு சித்திரம் துலங்கியது. எந்த நேரத்திலும் நாட்டில் சுமார் 930 போதகர்கள் இருப்பார்கள். ஆண்டுக்கு 27 பேர் இறப்பார்கள். அவர்களில் 18 பேர் மனைவியை விட்டுச் செல்வார்கள். இன்னும் 5 பேருக்கு மனைவி இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். யார் இறப்பார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். எத்தனை பேர் இறப்பார்கள் என்பதோ இப்போது காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்த விதவைகள் எத்தனை ஆண்டு வாழ்வார்கள்?

அதற்கான விடை தொலைதூர பிரெஸ்லாவ் நகரிலிருந்து வந்தது. அங்கே நாய்மன் என்ற போதகர் ஊரின் பிறப்பு இறப்பு விவரங்களைத் திரட்டி வைத்திருந்தார். வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹேலி, அவற்றைக்கொண்டு எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்ற அட்டவணையை 1693-இல் வெளியிட்டிருந்தார். எடின்பரோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் அந்த அட்டவணையோடு போதகர்களின் கணக்கை ஒப்பிட்டார். இள வயது விதவையும் மூதாட்டியும் ஒரே வீதத்தில் இறப்பார்கள் என்று வாலஸ் வைத்துக்கொண்ட அனுமானம் தவறு என்று கண்டுபிடித்தார். அப்படியே விட்டிருந்தால் லண்டனின் கதிதான் எடின்பரோவுக்கும் நேர்ந்திருக்கும்.

கணக்கு திருத்தப்பட்டது. 1743-இல் திருச்சபையின் பொதுப்பேரவை ஒப்புக்கொண்டது. 1744-இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. போதகர்களோடு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சேர்க்கப்பட்டார்கள். நான்கு தரங்களில் சந்தா. ஆண்டுக்கு 2 பவுண்ட் 12 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டியவரின் மனைவிக்கு ஆண்டுக்கு 10 பவுண்ட். மேல்தரத்தில் 25 பவுண்ட். மிச்சப் பணம் வட்டிக்கு விடப்பட்டு வளரும். எல்லாம் கூடிவந்த வேளையில் போர் மூண்டது.

1745-இல் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் கிளர்ச்சிப் படை எடின்பரோவைப் பிடித்தது. நகரின் அரண்களைப் பலப்படுத்த இரவு பகலாக உழைத்த மெக்லாரின், தப்பியோடி உடல்நலம் கெட்டு, 1746-இல் 48 வயதில் இறந்தார். லண்டனின் மெர்சர்ஸ் நிதி பணம் கொடுப்பதை நிறுத்தியதும் அதே 1745-இல்தான். பச்சைக் குழந்தையான ஸ்காட்லாந்து நிதி பிழைக்குமா என்ற கவலை எழுந்தது.

பிழைத்தது. 1748-இல் சட்டம் செம்மையாக்கப்பட்டது. 1765-இல் நிதியின் இருப்பு 58,348 பவுண்டாக இருக்கும் என்று கணித்திருந்தார்கள். அந்த ஆண்டு வந்தது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். இருந்தது 58,347 பவுண்ட். இருபது ஆண்டு தூரத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு, ஒரே ஒரு பவுண்டில்தான் தவறியிருந்தது.

அந்த வெற்றி தேவாலய வாசலோடு நிற்கவில்லை. 1815-இல் அதே எடின்பரோவில், எல்லாக் குடும்பங்களுக்குமாக ‘ஸ்காட்டிஷ் விடோஸ்’ என்ற நிறுவனம் தொடங்கியது. அந்தப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இறப்பு அட்டவணையைப் பார்த்துச் சந்தாவை நிர்ணயிப்பதும், சேர்ந்த பணத்தை முதலீடு செய்து வளர்ப்பதும், குடும்பத் தலைவர் மறைந்த பிறகு வாரிசுக்குக் கொடுப்பதும் உலகமெங்கும் வழக்கமாயின. வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும் ஆயுள் காப்பீட்டு பாலிசியும், மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் விழும் குடும்ப ஓய்வூதியமும் இந்த வம்சத்தில் வந்தவைதான்.

ஒரு சபை தன் விதவைகள் மீது வைத்த அன்பு, கண்ணீரோடும் காணிக்கையோடும் நின்றிருந்தால் அது ஒரு தலைமுறைக்குத்தான் உதவியிருக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டதால் அது நிலைத்தது. கையேந்தி நிற்க வேண்டியிருந்தவள் உரிமையோடு பெற்றுக்கொள்பவளானாள். கிறிஸ்தவ அன்பு உலகத்துக்குச் செய்த மிகப் பெரிய உபகாரங்களில் இதுவும் ஒன்று.