அடகுச் சீட்டின் வரலாறு



தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. கடிதம் படிக்கவும், மனு எழுதவும், பாரம் நிரப்பவும் பெற்றோர்கள் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, ஓர் அம்மையார் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டி, "வாத்தியாரய்யா, தோட்டை மீட்க இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தோம். தவணை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அந்தத் தோடு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம்.

மலாய்மொழியில் அடகுக் கடைக்குப் 'பாஜாக் காடாய்' என்று பெயர். 'காடாய்' என்றால் அடகு. 'பாஜாக்' என்றால் குத்தகை. அடகுக் கடைக்குக் குத்தகை என்ற சொல் எப்படி வந்து ஒட்டியது? அதில்தான் இக்கடையின் வரலாறு அடங்கியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களிலும் மலாய் மாநிலங்களிலும் ஆங்கில ஆட்சியினர் பல வரிகளை நேரே வசூலிக்கவில்லை. அபின், சாராயம், சூதாட்டம், அடகு ஆகிய தொழில்களை நடத்தும் உரிமையை ஏலத்தில் விட்டார்கள். அதிகத் தொகை கேட்டவருக்குச் சில ஆண்டுகளுக்கு அவ்வுரிமை கிடைத்தது. அவர் அனுமதியின்றி வேறு யாரும் அங்கே அடகுக் கடை வைக்க இயலாது. கோலாலம்பூரில் பெரும் செல்வந்தராக விளங்கிய லோக் இயூ இத்தகைய குத்தகைகளை எடுத்து நடத்தியவர்களுள் ஒருவர். அரசாங்கத்துக்குச் சிரமமில்லாமல் வருமானம் வந்தது. ஆனால், குத்தகைக்காரர் கட்டிய பணம் யாரிடமிருந்து திரும்ப வந்தது? ஈய லம்பத்தில் மண் சுமந்தவர்களும் மற்றக் கூலித் தொழிலாளர்களும் கொண்டுவந்த பொருளிலிருந்துதான் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் குத்தகை முறை மறைந்தது. கடைகளுக்கு உரிமம் வழங்கும் முறை வந்தது. பெயர் மட்டும் பழைய பெயராகவே நிலைத்துவிட்டது.

இத்தொழிலில் பெரிதும் ஈடுபட்டவர்கள் சீனாவின் தாய்ப்பு வட்டாரத்திலிருந்து வந்த ஹக்கா மக்களாவர். நம்மவரான செட்டியார்களின் தொழிலும் இதுவும் ஒன்றல்ல. பினாங்கு வீதியிலும் கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள், பெரும்பாலும் நிலப்பட்டாவையும் கடன் பத்திரத்தையும் நம்பிப் பணம் கொடுத்தார்கள். அடகுக் கடைக்காரருக்கோ ஆளைத் தெரிய வேண்டியதில்லை. பொருள் கைக்கு வந்தால் போதும்.

அக்கடையின் அன்றாட அலுவலைப் பாருங்கள். வாசலில் உள்ளே தெரியாதபடி ஒரு தட்டி மறைத்து நிற்கும். அடகு வைக்க வருபவரின் முகம் தெருவில் போவோருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. உயர்ந்த மேடைக்குப் பின்னால், கம்பி வலைக்கு அப்பால், பொருளை மதிப்பிடுபவர் அமர்ந்திருப்பார். நகையை உரைகல்லில் உரைத்து, திராவகம் விட்டுப் பார்த்து, நிறுத்து, தொகை சொல்வார். சீட்டு எழுதுபவர் ஒருவர். பொருளைப் பொட்டலமாகக் கட்டி, எண் ஒட்டி, உள்ளறையில் அடுக்கி வைப்பவர் ஒருவர். மாலையில் பேரேட்டையும் பணப்பெட்டியையும் ஒத்துப் பார்த்த பிறகே கதவு சாத்தப்படும். ஒரு பொட்டலம் இடம் மாறினாலும் கடையின் பெயர் கெட்டுவிடும். ஆகவே ஒழுங்கே இத்தொழிலின் உயிர்.

பழங்காலச் சீட்டுகளில் சீன எழுத்தைச் சுருக்கிக் கிறுக்கலாக எழுதுவது மரபு. பழகாத சீனருக்கே அது புரியாது. நம் முன்னோர்களின் நிலையைச் சொல்லவா வேண்டும்? 1920களின் இறுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தபோது, 1930-இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. வேலையிழந்து கப்பலேறித் தமிழகம் திரும்பியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அத்தகைய காலத்தில் ஏழைக் குடும்பத்துக்கு வங்கி ஏது? பெண்ணின் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்தான் வங்கி.

மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 2க்கு மேல் போகக்கூடாது. மீட்கும் தவணை ஆறு மாதம். சட்டம் குறிக்கும் சிறு தொகைக்கு உட்பட்ட அடகாக இருந்தால், தவணை கடந்ததும் பொருள் கடைக்காரருக்கே சொந்தம். தொகை அதற்கு மேற்பட்டால் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். கடனும் வட்டியும் போக மிஞ்சிய பணத்தை அடகு வைத்தவர் கேட்டுப் பெறலாம். இந்த உரிமை இருப்பதையே நம்மில் பலர் அறிவதில்லை. 1992-இல் திரெங்கானுவிலும் கிளந்தானிலும் 'அர் ரஹ்னு' எனும் இஸ்லாமிய அடகு முறை தொடங்கியது. அதில் வட்டி இல்லை. பொருளைப் பாதுகாக்கும் கட்டணம் மட்டும் உண்டு.

இனி அந்த அம்மையாரின் தோட்டுக்கு வருவோம். அவர் வாங்கியிருந்தது 80 வெள்ளி. மறுநாள் அவருடன் கடைக்குப் போனோம். கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். சிறு தொகை அடகு, தவணை கடந்துவிட்டது, தோடு மூழ்கிவிட்டது. சட்டப்படி அவர்மீது குற்றமில்லை. மாதம் 1 வெள்ளி 60 காசாக, ஆறு மாத வட்டி 9 வெள்ளி 60 காசு. அதை உரிய நாளில் கட்டிச் சீட்டைப் புதுப்பித்திருந்தால் தோடு பிழைத்திருக்கும். பணம் அவரிடம் இருந்தது, தேதிதான் தெரியவில்லை. அவருடைய மகன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தேதி படிக்கத் தெரியும். சீட்டை அவனிடம் காட்ட அந்தத் தாய்க்குக் கூச்சம்.

நேயர்களே, அடகு வைப்பது இழிவன்று. கிறுக்கலாக இருந்த சீட்டு, சட்டம் காக்கும் பத்திரமாக மாறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைப் படிக்காமல் முடிந்து வைத்தால் அத்தனையும் வீண். சீட்டு வாங்கிய அன்றே பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மீட்கும் நாளை லயத்துச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை கற்ற எழுத்து முதலில் தாயின் தோட்டைக் காக்கட்டும்.